நுரையீரலில் இரத்தக்கட்டி: செவிலியர் ஏன் அடிக்கடி வந்து பார்க்கிறார்?

"நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இன்று காலை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவர் மூச்சு வாங்குகிறது என்றார், அவ்வளவுதான்." துக்கம் விசாரிக்கச் செல்லும் வீடுகளில் இத்தகைய வார்த்தைகளை நம்மில் பலர் கேட்டிருப்போம். கேட்டவுடன், "மாரடைப்பாக இருக்கும்" என்று நாமே ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறோம். ஆனால் சில வேளைகளில் அது மாரடைப்பு அல்ல. காலின் ஆழத்தில் உள்ள இரத்தக்குழாயில் உருவான ஒரு கட்டி, அங்கிருந்து கழன்று, இதயத்தின் வழியாகப் பயணம் செய்து, நுரையீரலுக்குச் செல்லும் குழாயை அடைத்துக்கொள்வதால் வரும் நிலை அது. மருத்துவர்கள் இதனைப் பல்மனரி எம்பாலிசம் என்று அழைக்கின்றனர். கட்டி என்றவுடன் புற்றுநோய்க் கட்டி என்று யாரும் பயந்துவிட வேண்டாம். இது உறைந்துபோன இரத்தம் மட்டுமே.

இந்த நோயோடு ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, அவரோடு துணைக்கு இருக்கும் குடும்பத்தினருக்கு ஒரு மனக்குறை வருவது உண்டு. பெரிய அறுவை சிகிச்சை எதுவும் நடப்பதில்லை. ஓர் ஊசி போடுகிறார்கள், ஆக்சிஜன் வைக்கிறார்கள், பிறகு செவிலியர் மீண்டும் மீண்டும் வந்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். "சும்மா எழுதிக்கொண்டு போகிறார்களே தவிர, வைத்தியம் ஒன்றும் பார்க்கவில்லையே" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வருந்துவார்கள். உண்மையில் இந்த நோயில் அப்படிப் பார்த்து எழுதுவதே வைத்தியத்தின் பெரும் பகுதி. அது எப்படி என்பதை விளக்கமாகக் காண்போம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பணியாற்றிய ருடால்ஃப் விர்க்கோ என்ற மருத்துவர்தான், இறந்தவர்களின் நுரையீரலில் காணப்படும் இரத்தக்கட்டிகள் அங்கேயே பிறந்தவை அல்ல, உடலின் வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்தவை என்று நிறுவியவர். இரத்தம் ஓடாமல் தேங்குவது, இரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுவது, இரத்தமே எளிதில் உறையும் தன்மையை அடைவது ஆகிய மூன்றும் கட்டி உருவாகக் காரணங்கள் என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் படிக்கிறார்கள். அவர் பிறந்த நாளான அக்டோபர் 13, 2014-ஆம் ஆண்டு முதல் உலக இரத்தக்கட்டி விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் முதியவர், அறுவை சிகிச்சை முடிந்தவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர், குழந்தை பெற்ற தாய், பல மணி நேரம் காலை அசைக்காமல் பயணம் செய்தவர் ஆகிய எல்லாருக்கும் இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்த பலருக்கு வயிற்றில் தினமும் ஓர் ஊசி போட்டார்களே, அது நினைவிருக்கிறதா? அந்த நோய் இரத்தத்தை உறையச் செய்து நுரையீரலில் அடைப்பை உண்டாக்கியதால்தான் அந்த ஊசி தேவைப்பட்டது.

நம் இதயத்தின் வலது கீழறை மெல்லிய சுவரால் ஆனது. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தை அனுப்பினால் போதும் என்பதால் அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. நுரையீரல் குழாய் திடீரென்று அடைபடும்போது, அந்த மெல்லிய அறை தன் சக்திக்கு மீறித் தள்ள வேண்டியிருக்கிறது. மடை அடைபட்ட வாய்க்காலில் தண்ணீர் பின்னோக்கித் தேங்கிக் கரையை உப்ப வைப்பதுபோல், வலது அறை உப்பி, பக்கத்தில் உள்ள இடது அறையையும் நெருக்குகிறது. இடது அறைக்கு வர வேண்டிய இரத்தமும் குறைந்துவிடுகிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. இந்த நோயில் உயிர் பிரிவது பெரும்பாலும் மூச்சுத்திணறலால் மட்டுமல்ல, வலது இதயம் களைத்துப்போவதால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் செவிலியர் செய்யும் ஒவ்வொரு செயலின் பொருளும் விளங்கிவிடும்.

உலகமே அறிந்த ஒருவரின் அனுபவத்தை இங்கே பார்ப்பது நல்லது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அறுவை சிகிச்சை மூலம் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அவருக்கு 2011-ஆம் ஆண்டிலேயே நுரையீரலில் இரத்தக்கட்டி வந்து பிழைத்திருந்தார். பிரசவ அறுவை சிகிச்சைக்காக, வழக்கமாக எடுத்துக்கொண்டிருந்த இரத்த உறைவுத் தடுப்பு மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. மறுநாள் திடீரென்று அவருக்கு மூச்சு வாங்கியது. தன் தாய் கவலைப்படக் கூடாது என்று அறையை விட்டு வெளியே வந்து, அருகில் இருந்த செவிலியரிடம், "எனக்கு உடனே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், ஹெப்பாரின் மருந்து தர வேண்டும்" என்று மூச்சிரைக்கச் சொன்னார். வலிக்காகக் கொடுத்த மருந்தால் ஏதோ குழப்பமாகப் பேசுகிறார் என்று அந்தச் செவிலியர் நினைத்தாராம். செரீனா விடவில்லை. முதலில் கால்களில் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மார்பில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, நுரையீரலில் பல சிறு கட்டிகள் இருப்பது தெரிந்தது.

அவருடைய துன்பம் அதோடு முடியவில்லை. கடுமையான இருமலால் அறுவை சிகிச்சைக் காயம் பிரிந்தது. அதைச் சரிசெய்யத் திறந்தபோது, வயிற்றுக்குள் பெரிய அளவில் இரத்தம் கசிந்து உறைந்திருப்பதைக் கண்டார்கள். நுரையீரலைக் காப்பாற்றக் கொடுத்த அதே மருந்து, காயத்தில் இரத்தப்போக்கை உண்டாக்கியிருந்தது. மேலும் கட்டிகள் நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க, பெரிய இரத்தக்குழாய் ஒன்றில் வடிகட்டி போன்ற ஒரு கருவியையும் வைத்தார்கள். தாயான முதல் ஆறு வாரங்களைப் படுக்கையிலேயே கழித்ததாகப் பின்னர் அவர் எழுதினார். தன்னைக் காப்பாற்றிய மருத்துவக் குழுவினருக்கு நன்றியும் சொன்னார்.

புகழும் செல்வமும் உள்ள, தன் நோயைப் பற்றி நன்கு அறிந்த ஒருவருக்கே தன் மூச்சுத்திணறலை ஒருமுறைக்கு இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊரில் அரசு மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் ஓர் ஏழைத் தாய், "மூச்சு ஒரு மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று மெல்லிய குரலில் ஒரு முறைதான் சொல்வார். "ஒன்றுமில்லை, படுங்க அம்மா" என்ற பதில் வந்தால் அதற்குப் பிறகு சொல்லவே மாட்டார். ஆகவே இந்த நோயில் செவிலியரின் முதல் கருவி காதுதான். காரணம் தெரியாத படபடப்பு, இருப்புக்கொள்ளாத தவிப்பு, "எனக்கு என்னவோ ஆகப் போகிறது" என்ற பயம் ஆகியவை இந்த நோயின் அடையாளங்களாகவே மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை வெறும் மனப்பயம் என்று ஒதுக்கிவிடாமல், ஒரு நிமிடம் முழுவதும் நின்று மூச்சை எண்ணிப் பார்ப்பவரே நல்ல செவிலியர். அமைதியாகப் படுத்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 20 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் கவனிக்க வேண்டும். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கிறது என்று காட்டினாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சந்தேகம் எழுந்தவுடன் செவிலியர் செய்யும் வேலைகள் எளிமையானவைதாம். தலைப்பகுதியை உயர்த்தி நோயாளியைச் சாய்ந்து உட்கார வைப்பார். ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன் கொடுக்கப்படும். மருத்துவரை அழைப்பார், ஈ.சி.ஜி. எடுப்பார், கையில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாயைப் பொருத்துவார். நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டு செல்லும்போது ஆக்சிஜன் சிலிண்டருடன் கூடவே செல்வார். வழியில், லிப்டில், ஸ்கேன் மேசையில் நோயாளி திடீரென்று மயங்கிவிடும் ஆபத்து இருப்பதால், கூட வருகிறவர் வெறும் வழித்துணை அல்ல.

இரத்த அழுத்தம் குறைகிறது என்று கேட்டவுடன் நம்மவர்கள், "குளுக்கோஸ் ஏற்றுங்கள், தெம்பு வரும்" என்று வற்புறுத்துவது வழக்கம். மற்ற பல நோய்களில் திரவம் ஏற்றுவது உதவும். இந்த நோயிலோ, ஏற்கெனவே உப்பிப்போன வலது இதயத்திற்குள் மேலும் திரவத்தை ஊற்றினால் அது இன்னும் உப்பி, இடது இதயத்தை மேலும் நெருக்கிவிடும். எனவே மிகக் குறைந்த அளவே ஏற்றுவார்கள். ஸ்டாண்டில் பாட்டில் தொங்கவில்லை என்பதற்காக, கவனிக்கவில்லை என்று குறை சொல்ல வேண்டாம்.

இனி மருந்தைப் பற்றி. ஹெப்பாரின் என்ற மருந்து 1916-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மாணவரின் ஆய்வில் கண்டறியப்பட்டது. இது நுரையீரல் அடைப்புக்கு உதவும் என்பதை நிலைநாட்டியது, 1960-ஆம் ஆண்டு வெளியான இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வு. உறைவுத் தடுப்பு மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அதனால் இறக்கவில்லை. அதற்கு மேலும் மருந்து கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமல்ல என்று கருதி, அந்த மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இத்தனை சிறிய ஆய்வு இத்தனை உயிர்களைக் காப்பாற்றியது மருத்துவ வரலாற்றில் அபூர்வம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹெப்பாரின் கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி மேலும் வளராமலும், புதிய கட்டி உருவாகாமலும் தடுக்கிறது. ஏற்கெனவே உள்ள கட்டியை நம் உடலே நாட்கணக்கில், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. "அப்படியானால் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். அத்தகைய மருந்துகள் உண்டு. இரத்த அழுத்தம் விழுந்து, உயிர் ஊசலாடும் நிலையில் உள்ளவர்களுக்கு அவற்றைக் கொடுக்கிறார்கள். ஆனால் அழுத்தம் சரியாக இருந்து, இதயம் மட்டும் சிரமப்படுகிற நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு?

இந்தக் கேள்விக்கு விடை காண ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2014-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பெய்தோ என்பது அதன் பெயர். கரைக்கும் மருந்து பெற்றவர்களில் நிலைமை திடீரென்று சரிந்தவர்கள் குறைவுதான். ஆனால் அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. இறப்பு எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்குக் கரைக்கும் மருந்தை உடனே கொடுத்துவிடாமல், ஹெப்பாரின் கொடுத்து, மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருந்து, நிலைமை சரியத் தொடங்கினால் மட்டுமே கொடுப்பது என்பது இன்றைய வழக்கம்.

பார்த்துக்கொண்டே இருப்பது யார்? மருத்துவர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வருவார், அழைத்தால் வருவார். இரவு இரண்டு மணிக்கு நாடி 96-லிருந்து 118-க்கு ஏறியதையும், இரத்த அழுத்தத்தின் மேல் எண் 124-லிருந்து 102-க்கு இறங்கியதையும் கண்டுபிடிக்க அங்கே இருப்பவர் செவிலியர் ஒருவர்தான். நாடியின் எண் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைத் தாண்டிவிட்டால் அது அபாய மணி. சிறுநீர் குறைவது, கைகால் சில்லிட்டு வியர்ப்பது, பேச்சில் தெளிவு குறைவது எல்லாம் அந்த மணியின் ஓசைகளே. தனித்தனியாகப் பார்த்தால் இந்த எண்கள் எதுவும் பயங்கரமாகத் தோன்றாது. முந்தைய எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் சரிவு தெரியும். "சும்மா எழுதிக்கொண்டு போகிறார்" என்று நாம் சொன்னோமே, அந்தத் தாள் இல்லாவிட்டால் கரைக்கும் மருந்தை எப்போது கொடுப்பது என்ற முடிவையே எடுக்க முடியாது. ஒரே செவிலியருக்கு முப்பது, நாற்பது நோயாளிகளை ஒப்படைக்கும் வார்டுகளில் இந்த வேலை எப்படி நடக்கும் என்ற கேள்வியையும் இங்கே கேட்டுத்தான் ஆக வேண்டும். செவிலியர் எண்ணிக்கையைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தும் நிர்வாகம், இந்தக் கண்காணிப்பையே குறைக்கிறது.

ஹெப்பாரினைப் பம்பு மூலம் செலுத்தும்போது, தொடக்கத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பரிசோதித்து அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். "எத்தனை முறைதான் இரத்தம் எடுப்பீர்கள்" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அளவு குறைந்தால் கட்டி வளரும், கூடினால் இரத்தம் கசியும். மருந்து செல்லும் கையிலேயே இரத்தம் எடுத்தால் முடிவு தவறாக வரும் என்பதால் மறு கையில்தான் குத்துவார்கள்.

மருந்தை ஏற்றும் முன் இரண்டு செவிலியர்கள் மருந்துக் குப்பியைச் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பதையும் சில மருத்துவமனைகளில் காணலாம். அதற்கும் காரணம் உண்டு. 2007-ஆம் ஆண்டு அமெரிக்க நடிகர் டென்னிஸ் குவெய்டின், பிறந்து சில நாட்களே ஆன இரட்டைக் குழந்தைகளுக்கு, 10 யூனிட் மருந்துக்குப் பதிலாக 10,000 யூனிட் கொண்ட குப்பியிலிருந்து ஹெப்பாரின் செலுத்தப்பட்டது. ஆயிரம் மடங்கு! குப்பிகள் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்ததே காரணம். குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள்.

இப்போது பலருக்கும் பம்பு இல்லாமல், வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் எனாக்ஸபாரின் போன்ற ஊசியே கொடுக்கப்படுகிறது. எடைக்கு ஏற்ற அளவு என்பதால் முதலில் எடை பார்ப்பார்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் இரத்தம் கட்டிக் கருநீலமாகிவிடும். தொடையிலோ புட்டத்திலோ சதையில் ஆழமாகப் போடும் ஊசிகளை இந்த நோயாளிக்குத் தவிர்ப்பதும் உள்ளே இரத்தம் கட்டிவிடும் என்பதால்தான். ஈறில் இரத்தம், சிறுநீர் சிவப்பாதல், மலம் தார்போல் கறுப்பாதல், திடீர்த் தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றைச் செவிலியர் தேடிக்கொண்டே இருப்பார். நீங்கள் கண்டாலும் உடனே சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் சிலருக்கு ஹெப்பாரினே இரத்தத்தட்டுகளைக் குறைத்து, விந்தையாகப் புதிய கட்டிகளையும் உண்டாக்கும். அதற்காகவும் இரத்தத்தட்டு எண்ணிக்கையைப் பார்ப்பார்கள்.

குடும்பத்தினர் செய்யக்கூடாத ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வீங்கிய காலைப் பிடித்துவிடாதீர்கள். வலிக்கிறது என்றால் தைலம் போட்டு நன்றாக நீவிவிடுவது நம் வழக்கம். திருத்தலங்களிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை நம்பிக்கையோடு காலில் தேய்த்துவிடுகிறவர்களும் உண்டு. காலில் இன்னும் கட்டி மீதமிருக்கலாம். அழுத்தி நீவினால் அது கழன்று மேலே போகலாம். எண்ணெய் பூச விரும்பினால் நெற்றியில் பூசுங்கள். அருட்பணியாளர் வழங்கும் நோயில்பூசுதலும் நெற்றியிலும் கைகளிலும்தானே அளிக்கப்படுகிறது? அந்த அருளடையாளம் சாகப்போகிறவர்களுக்கு மட்டுமே என்ற பழைய எண்ணம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஏற்கெனவே மரண பயத்தில் இருக்கும் நோயாளி, வாசலில் சாமியாரைக் கண்டதும் தன் முடிவு வந்துவிட்டது என்று நினைத்து நாடி எகிறிவிடலாம். எனவே முன்கூட்டியே அவரிடம் பேசி, அவர் விருப்பத்தைக் கேட்டு, பிறகு அழைப்பது நல்லது.

அன்பியத்திலிருந்து பத்துப் பேர் திரண்டு சென்று பார்ப்பதும் அன்பினால்தான். ஆனால் இந்த நோயாளிக்கு ஒவ்வொரு சொல்லும் மூச்சுச் செலவு. வருகிறவர்கள் எல்லாரும், "என்ன ஆச்சு? எப்படி ஆச்சு?" என்று கேட்க, அவர் எழுந்து உட்கார்ந்து கதையை முதலிலிருந்து சொல்ல, மூச்சிரைப்பு கூடிவிடுகிறது. இரண்டு பேர் போய், கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு வந்தால் போதும். கேள்விகளைக் குடும்பத்தாரிடம் வராந்தாவில் கேட்டுக்கொள்ளலாம்.

கழிப்பறை விஷயத்தில் வெட்கத்தை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. மலம் கழிக்க மூச்சை அடக்கி முக்கும்போது, இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் சட்டென்று குறைந்து, களைத்த இதயம் தடுமாறிவிடும். தொடக்கத்தில் சொன்ன அந்தத் துக்க வீட்டின் வார்த்தைகளில் கழிப்பறை வந்தது தற்செயல் அல்ல. மலத்தை இளக்கும் மருந்தைச் செவிலியர் கொடுப்பதும், முதல் நாட்களில் படுக்கை அருகிலேயே வசதி செய்து தருவதும் இதற்காகத்தான். "எனக்கு நடக்க முடியும்" என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களைக் குடும்பத்தார்தான் சமாதானப்படுத்த வேண்டும். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இதற்காக வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். முன்பு அப்படித்தான் படுக்க வைத்தார்கள். மருந்து தொடங்கி, நாடியும் அழுத்தமும் நிலைப்பட்டவர்கள் சீக்கிரம் நடக்கத் தொடங்குவதால் கெடுதல் இல்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே செவிலியர் வந்து, "எழுந்திருங்கள், நாலு அடி நடக்கலாம்" என்றால், "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று தடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நடக்கச் சொல்வதும், பிரசவித்த பெண்ணைப் படுத்தே கிடக்க வேண்டாம் என்பதும் இந்த நோய் வராமல் தடுக்கத்தான். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதற்குக்கூடப் பலன் உண்டு. வேளாங்கண்ணிக்கு இரவு முழுவதும் பேருந்தில் செல்கிறவர்களும் இதைச் செய்யலாம்.

வீட்டிற்கு அனுப்பும் நாளில் செவிலியர் உட்கார்ந்து சொல்லும் அறிவுரைகளைப் பை கட்டும் அவசரத்தில் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். மருந்து குறைந்தது மூன்று மாதம் தொடரும். மூச்சு நன்றாகிவிட்டது என்று தாமாக நிறுத்தினால் நோய் திரும்பும். வார்ஃபரின் மாத்திரை என்றால் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்து, அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று இல்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது, 1954-இல்தான் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. இதை எங்கேயோ படித்துவிட்டு, "எனக்கு எலி மருந்தா?" என்று மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. எந்த அளவில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கருவுற்ற பெண்களுக்கு வார்ஃபரின் பொதுவாகத் தவிர்க்கப்பட்டு, வயிற்றில் போடும் ஊசியே தொடரும்.

புதிய மாத்திரைகளான ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவற்றிற்கு ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை. ஆனால் ரிவராக்ஸபானைச் சிகிச்சைக்குரிய அளவில் எடுக்கும்போது உணவோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் அது சரியாக உடலில் சேராது. தவக்காலத்தில் நோன்பிருந்து மாத்திரையை வெறும் வயிற்றில் போடும் பெரியவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு உண்டாகலாம். காய்ச்சல் என்று பக்கத்துக் கிளினிக்கில் போய் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது. பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் பெயரை எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. பெரும்பாலோர் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள். மிகச் சிலருக்குக் கட்டி முழுவதும் கரையாமல் தழும்பாகி, நுரையீரல் குழாய்களில் அழுத்தம் நிலையாகக் கூடிவிடும். மூன்று மாதம் மருந்து எடுத்த பிறகும், கோவில் படிகளில் ஏறும்போது முன்பு இல்லாத மூச்சிரைப்பு வந்தால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சென்று இதய எக்கோ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அந்த நிலைக்கும் இன்று சிகிச்சை இருக்கிறது.